கிணற்றில் போட்ட அச்சு

அன்புள்ள பாவா,

கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் காசுகள் திரும்பி வந்துவிட்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. சிங்கமும் பனைமரமும் போட்ட வெள்ளிக் காசைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை காலம் துணிப்பையில் கிடந்ததில் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். காசோடு இன்னொரு பொருளையும் கையில் கொடுத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

செத்தவருக்குக் கடிதமா என்று தெருவில் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவருக்கு உயிரோடு இருந்தபோது நான் எதற்குக் கடிதம் எழுதப் போகிறேன்? நமக்குப் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். அக்காள் புருஷனைப் பாவா என்பதும் பெண்டாட்டியின் தம்பியைப் பாமர்தி என்பதும் மட்டும் எந்த ஊருக்கு வந்தும் நம்மை விட்டுப் போகவில்லை.

இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைக் கள்ளக்காசுக்காரர் என்று சொன்ன வாய்கள் எல்லாம் இந்த அருப்புக்கோட்டையில் இன்னும் வெற்றிலை மென்றுகொண்டுதான் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பம்பாய் மில்லுக்குப் போன நம் ஆட்கள் திரும்பி வரும்போது டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார்கள், கடிகாரம் கொண்டுவந்தார்கள். நீங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தீர்கள். நாகம்மா அக்காள் ஆசையாகத் திறந்தாள். உள்ளே கம்பெனி காலத்துக் காசுகள். ஆனால் நேற்று அடித்தது மாதிரிப் பளபளவென்று இருந்தன.

பம்பாயில் சர்க்கார் காசு அடிக்கிற தங்கசாலையில் பழைய காசு அச்சுகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். பழங்காசு சேர்க்கிறவர்கள் கேட்டுப் பணம் கட்டினால், அந்தப் பழைய அச்சிலேயே புதிதாக ஒன்று அடித்துக் கொடுப்பார்களாம். மறு அச்சுக் காசு என்று நீங்கள் சொல்வீர்கள். அசல் பழங்காசு ஜமீன்தார்களுக்கு. மறு அச்சு நம்மைப் போன்றவர்களுக்கு. ஊருக்குத் திரும்பிய பிறகும் தபாலில் எழுதி எழுதி வரவழைத்தீர்கள். வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

“காசு குடுத்துச் செல்லாக்காசு வாங்குற ஆளை இந்த ஜில்லாவுலயே இப்பத்தான் பாக்கேன்” என்றேன் ஒருநாள். நீங்கள் தறிக்குழியில் இருந்தபடியே என்னைப் பார்த்தீர்கள்.

“ஏலே பாமர்தி, இந்தத் தறியில கெடக்கே அச்சு, இது யார் காலத்து அச்சு?”

“உங்க அய்யா காலத்து அச்சு.”

“இதுல நான் இன்னிக்கு நெய்யிற வேட்டி பழசா, புதுசா?”

“புதுசுதான்.”

“அப்ப இது கள்ள வேட்டியா?”

பஞ்சாலையில் கணக்கு எழுதுகிற எனக்கு வாய் அடைத்துப்போனதில் அக்காளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நெசவு தெரியாத வாசகருக்கு: தறியில் அச்சு என்பது இரும்புப் பல் வைத்த நீளமான சீப்பு. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், உள்ள ஒவ்வொரு இழையும் அதன் பல்லிடுக்கில் நுழைந்துதான் துணியாகும். காசுக்கு அச்சு என்றால் தலையும் எழுத்தும் செதுக்கிய இரும்புக் கட்டை. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர். அந்த ஒரே பெயர்தான் நம் குடியைக் கெடுத்தது.

யுத்த காலம். சில்லறை எங்கே போனதென்றே தெரியவில்லை. காலணாவுக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் புளிப்பு மிட்டாயைக் கையில் வைத்தார்கள். காசைப் பதுக்குகிறவனுக்கு ஜெயில், கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய ஜெயில் என்று தண்டோரா போட்டுப் போனார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் தறி அச்சில் சில பற்கள் துருப்பிடித்துவிட்டன என்று நீங்கள் பந்தல்குடிக்குக் கிளம்பினீர்கள். அங்கே ஒரு அச்சு கட்டுகிறவர் இருந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் நானும் கூட வந்தேன். இருவர் முகத்திலும் கரி.

ரோட்டோர டீக்கடையில் அந்த அச்சுக்காரரைப் பிடித்துவிட்டீர்கள். வேலையைப் பற்றிப் பேசி முடித்ததோடு விட்டிருக்கலாம். உங்களால் அது முடியுமா? சட்டைப் பையிலிருந்து சிங்கக் காசை எடுத்தீர்கள்.

“இங்க பாருங்க, சிங்கத்தோட முதுகுக்கு மேல சின்னச் சின்னப் பரு. தெரியுதா? அச்சு துருப்பிடிச்ச இடத்துல குழி விழுந்துரும். அந்தக் குழி காசுல பருவா நிக்கும். அதை வச்சுத்தான் இது மறு அச்சுன்னு கண்டுக்கிறது.”

“அப்ப அச்சைத் துடைச்சு வைக்கணும்” என்றார் அவர், அவருடைய தொழில் நினைப்பில்.

“ஆமா. துருவை எடுத்துட்டா அந்த அச்சுல இன்னும் எத்தனை வேணாலும் அடிக்கலாம். என் வீட்டு அச்சையும் நாளைக்கு எடுத்தாரேன், நல்லாப் பாத்துக் குடுங்க.”

லாரிக்காரர்கள், ஆட்டு வியாபாரிகள், எவர் எவரோ பெஞ்சில் இருந்தார்கள். யார் காதில் அது விழுந்தது, யார் போய்ச் சொன்னது? இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் என்ன செய்வேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நீங்கள் அச்சை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. பாவு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, நெய்து முடித்துவிட்டு எடுக்கலாம் என்றீர்கள். யுத்தகால நூல் கட்டுப்பாட்டில் அந்தப் பாவுக்கு நூல் வாங்க நீங்கள் நின்ற நிலை எனக்குத் தெரியும். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் போலீஸ் வந்தது.

வந்தவர் வெளியூர் இன்ஸ்பெக்டர். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, காசுகளைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினார்.

“நூறு வருஷத்துக்கு முந்தின காசு. ஆனா ஒரு தேய்மானம் இல்ல. எப்படிய்யா?”

“மறு அச்சு சார். சர்க்கார்லயே அடிச்சது.”

“சர்க்கார் பழைய ராஜா தலையைப் போட்டு இப்ப ஏன் காசு அடிக்குது? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?”

நானும் இதே கேள்வியை உங்களிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் பாவா! சிங்கக் காசைத் தனியாக எடுத்தார். “இது தங்கக் காசுக்குப் போட்ட முத்திரை. இதை நீ வெள்ளியில அடிச்சு வச்சிருக்கே. மேல முலாம் பூசினா தங்கக் காசுன்னு போயிடும், இல்லையா?” என்றார். நீங்கள் தங்கசாலைக்குப் பணம் கட்டிய ரசீதைத் தேடினீர்கள். பழைய ரசீதை எல்லாம் அக்காள் எப்போதோ அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் எந்த ரசீதைப் பத்திரப்படுத்தினோம்?

“அச்சு எங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நீங்கள் விழித்தீர்கள். “அச்சு பம்பாய்ல சார்.”

“உன் வீட்டு அச்சு. நீயே உன் வாயால சொன்ன அச்சு. அது மட்டும் கிடைக்கட்டும், நீ வெளிச்சத்தையே பார்க்க மாட்டே.”

அடுப்படி வாசலில் நின்ற அக்காளுக்கு இன்ஸ்பெக்டரின் இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் கேட்டது. உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர்கள் பரண், பானை, உலைமூடி வரைக்கும் தேடினார்கள். ஒரு ஏட்டு தறியில் சாய்ந்துகொண்டு வியர்வையைத் துடைத்தார். அவருடைய முழங்கை அச்சின் மேலேயே இருந்தது. அக்காள் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் போய்விட்ட திகைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாமீனுக்கு ஆள் பார்க்க நான் வெளியே ஓடினேன். அந்த நேரத்தில்தான் அவள் அதைச் செய்தாள்.

நெசவாளி வீட்டில் ஓடுகிற தறியில் பாவை அறுக்க மாட்டார்கள். செத்த வீட்டில்கூட மாட்டார்கள்; துணியை மூடிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். உங்கள் மனைவி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து பாவை அறுத்தாள். அத்தனை இழையும் இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தது. அச்சைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றி, இடுப்புக் குடத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கரிசல்காட்டுக் கிணற்றுக்கு நடந்தாள். சாக்கோடு தூக்கிப் போட்டாள். காவலுக்கு விட்டிருந்த போலீஸ்காரர் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார்.

எனக்குச் சேதி வந்தபோது தெருவே கிணற்றடியில் இருந்தது. “அச்சு அம்புட்டுருச்சாம்! நாகம்மா கிணத்துல போட்டாளாம்!” என்று ஒருவர் என்னைத் தாண்டி ஓடினார். சத்தியமாகச் சொல்கிறேன் பாவா, அந்த ஒரு நிமிஷம் நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். காசு அச்சு ஒன்றை நிஜமாகவே வைத்திருந்தீர்களோ, அக்காளுக்கு மட்டும் சொல்லியிருந்தீர்களோ என்று நினைத்தேன்.

உங்களையும் கூட்டிவந்து கிணற்று மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். வடத்தைப் பிடித்து ஒருவர் கீழே இறங்கினார். கோடையில் அந்தக் கிணற்றில் தண்ணீர் ஏது, சேறுதான். தேடினார், தேடினார். இன்ஸ்பெக்டர் கிணற்றுக்குள்ளே பார்க்கவில்லை, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. உங்களுக்குமே அது என்னவென்று தெரியவில்லை, இல்லையா?

சாக்கு மேலே வந்தது. இன்ஸ்பெக்டரே கையால் பிரித்தார். சேறு வழிய, பல்லிடுக்கில் அறுந்த இழைகள் தொங்க, உங்கள் அய்யா காலத்து இரும்பு அச்சு வெளியே வந்தது.

“என்ன இது?”

“அச்சுதான் சார்” என்றாள் அக்காள். கையைக் கூப்பியிருந்தாள். “நீங்க தேடுன அச்சு. அவுக மேல ஒரு தப்பும் இல்ல சார். அச்சை நாந்தான் கிணத்துல போட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க, அவுகளை விட்டுருங்க.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. நான் முன்னால் போய், அச்சு என்றால் எங்களுக்கு இதுதான், தறிச் சாமான், வார்த்தை ஒன்றாகப் போனதால் வந்த வினை என்று உளறிக்கொட்டினேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“நெசவுச் சாமானை எதுக்கும்மா கிணத்துல போடணும்?”

“நீங்கதானே சொன்னீக, அச்சு கிடைச்சா அவுக வெளிச்சத்தையே பாக்க மாட்டாகன்னு?”

அவர் அச்சைத் திரும்பச் சாக்கில் சுற்றினார். நம்பினாரா, நம்பவில்லையா? ‘இத்தனை கெட்டிக்காரத்தனம் இவளுக்கு வராது’ என்று நினைத்தாரா, ‘இத்தனை கெட்டிக்காரியா இவள்’ என்று நினைத்தாரா? “காசைத் தங்கசாலைக்கு அனுப்பிக் கேட்போம். பதில் வரட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த அச்சையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் ஜாமீனில் வீட்டுக்கு வந்து அறுந்த பாவின் முன்னால் நின்றபோது அக்காள் சுவர் ஓரம் ஒடுங்கிப்போய் இருந்தாள். பாவு போனது, அச்சு போனது, நூலும் இனிக் கிடைக்காது. நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் நானும் இருந்தேன்.

“சர்க்காரே தேடிக் கெடைக்காத அச்சை நீ எடுத்துக் குடுத்துட்டயே நாகு” என்றீர்கள். பிறகு உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன். இதை நீங்கள் எழுதச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெயிலைவிடக் கொடுமை அதன் பிறகுதான் வந்தது. வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லவில்லை. நீங்கள் எந்தக் கடையில் எந்தக் காசைக் கொடுத்தாலும் அதைக் கள்ளக்காசா என்று கல்லில் சுண்டிப் பார்த்தார்களே, அதைச் சொல்கிறேன். கடைவீதி முனைப் புகையிலைக் கடையில் அதற்கென்றே ஒரு கல் போட்டுவைத்தார்கள். டணார் என்று சத்தம் வரும்வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். உங்களுக்கு முன்னால் வாங்கியவன் காசைச் சுண்டவில்லை, பின்னால் வந்தவன் காசையும் சுண்டவில்லை. பிறகு நீங்கள் கடைக்குப் போவதையே விட்டீர்கள். வெற்றிலை பாக்குக்குக்கூட அக்காளை அனுப்பினீர்கள். அவள் காசையும் சுண்டினார்கள்.

தங்கசாலையிலிருந்து பதில் வந்ததா, பதில் வந்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசிக் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். “வந்துருச்சு பாவா, உங்க காசு நல்ல காசுன்னு எழுதியிருக்காக” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாமோ? உங்கள் திதியைத் திருச்சுழியில் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் கொடுத்தோம். ஊற்றில் தண்ணீர் சுரக்கிற வரைக்கும் எனக்கு இந்த நினைப்புதான்.

யுத்தம் முடிந்தது. கொடியும் மாறியது. சுற்றாத இடமெல்லாம் சுற்றிவிட்டுப் பதில் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. காசுகள் எல்லாம் தங்கசாலையிலேயே பழைய அச்சில் அடித்துக் கொடுத்தவை, குற்றம் ஏதும் இல்லை என்கிறார்கள். கோர்ட்டுக்கு என்னைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்தார்கள். கடைசியாக, “நெசவு அச்சு ஒண்ணு” என்று வாசித்துவிட்டு அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். “இது எப்படிய்யா இதுல வந்துச்சு?” என்றார். சொல்லி முடிக்க நேரமாகும் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காள் அச்சை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். காசுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாம்பலும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பல் பல்லாகத் தேய்த்தாள். வேறு அச்சு வைத்து நெய்துகொண்டிருந்தவள், அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். ஒரு ஓரத்தில் துரு ஆழமாக இறங்கியிருந்தது, போகவில்லை. வேட்டி நெய்து முடித்தபோது தலைப்பிலிருந்து தலைப்பு வரை மெல்லிசாக ஒரு செம்மண் நிறக் கோடு ஓடியது. ஜவுளிக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கோட்டோட யாரு வாங்குவா?” என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

“விக்கிறதுக்கு நெய்யலை” என்றாள் அக்காள். வீட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினாள். “நீ கட்டு. உங்க பாவா காசுல இருக்குமே பரு, அது மாதிரிதான் இதுவும். பழைய அச்சுன்னு தெரியட்டும்.”

அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். சோப்பு போட்டாலும் கோடு போகவில்லை.

நேற்று அதே வேட்டியோடு முனைக் கடைக்குப் போய்ப் புகையிலை கேட்டேன். காசு நல்ல காசு என்று பதில் வந்த சேதி ஊருக்கெல்லாம் தெரியும். நானே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் என் ஓரணாவை வாங்கினார். கல்லில் சுண்டினார்.

“இப்பவும் எதுக்குச் சுண்டுறீக?” என்றேன்.

“கை பழகிப்போச்சுப்பா. மனசுல வச்சுக்காதே, எல்லார் காசையும்தான் சுண்டுறேன்” என்றார்.

எனக்கு அடுத்து நின்றவர் காசைக் கொடுத்தார். கடைக்காரர் அதைச் சுண்டாமலே கல்லாவில் போட்டார்.

பாவா, காசு வாங்குகிற பைத்தியம் உங்களோடு போகட்டும் என்று நான் பலமுறை சொன்னவன். இப்போது சொல்கிறேன், உங்களிடம் இல்லாத மறு அச்சுக் காசு ஒன்றைக் கேட்டுத் தங்கசாலைக்கு நானே எழுதிவிட்டேன். என் பெயரில், இந்த விலாசத்துக்கே. கொடி மாறிய பிறகும் அந்த ராஜாக்களின் அச்சை வைத்திருப்பார்களா, அடித்துக் கொடுப்பார்களா, எனக்குத் தெரியாது. ஒரு தரம் இல்லையென்றால் மறு தரம் எழுதுவேன். கிடைக்கிறவரை எழுதுவேன்.

வந்ததும் டப்பாவில் வைக்க மாட்டேன். நேரே அந்த முனைக் கடைக்குப் போய், இந்தக் கோடு போட்ட வேட்டியோடு நின்று, கடைக்காரர் கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லில் நானே சுண்டுவேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சுண்டுவேன். அன்றைக்கு மட்டும் நீங்களும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் தறியில்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

உங்களைத் திட்டியே பழகிய,
உங்கள் பாமர்தி